கனடாவில் கஞ்சாவை அனுமதித்த பிறகு கள்ளச்சந்தை ஒழிந்ததா?

நீங்கள் கேட்டது இது: "கனடாவில் 2018லேயே கஞ்சாவை அனுமதித்துவிட்டார்கள். அங்கே கள்ளச்சந்தை ஒழிந்துவிட்டதா? ஒழிந்தது என்றால் நம் ஊரிலும் டாஸ்மாக் மாதிரி அரசே விற்றால் என்ன, போலீசுக்கும் வேலை மிச்சம், கஜானாவுக்கும் வரவு." கூடவே, தம்பி படிக்க டொராண்டோ வருகிறார் என்று ஒரு வரி. இதில் கனடாவைப் பற்றிய ஆர்வத்தைவிட, சட்டத்தை மாற்றினால் பொட்டலம் விற்பவன் தானாகக் காணாமல் போவானா என்ற கேள்விதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. போகமாட்டான். ஆனால் அவனுடைய வாடிக்கையாளரை ஒவ்வொருவராகப் பிடுங்க முடியும், கனடாவில் பெரும்பகுதியைப் பிடுங்கியும் விட்டார்கள். எப்படிப் பிடுங்கினார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

நான் ஒன்டாரியோவில் கணக்கர். சில சிறிய கஞ்சா வளர்ப்பு நிறுவனங்களுக்கும் ஓரிரண்டு கடைகளுக்கும் கலால் வரிக் கணக்கு எழுதுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதனால் விலை, வரி, உரிமம் இவற்றைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். மூளைக்கு என்ன ஆகும், அடிமைத்தனம் எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவர்கள் பேச வேண்டியது, அந்தப் பக்கம் ரொம்பப் போகமாட்டேன்.

முதலில் சட்டம். 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. உருகுவே 2013லேயே சட்டம் போட்டுவிட்டது, நாடு முழுக்க அனுமதித்ததில் கனடா இரண்டாவது. பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம் (க்யூபெக் அதையும் கூடாது என்று தடுத்தது, உச்ச நீதிமன்றம் 2023ல் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது). வயது பெரும்பாலான மாகாணங்களில் 19, ஆல்பர்டாவில் 18, க்யூபெக்கில் 2020 முதல் 21. சிறுவர் கையில் சேராமல் தடுப்பது, குற்றக் கும்பலின் லாபத்தை ஒடுக்குவது, இந்த இரண்டையும் சொல்லித்தான் ட்ரூடோ 2015 தேர்தலில் வாக்கு கேட்டார். வருமானம் வரும் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை வடிவமைத்தபோது எல்லா மாகாணமும் பார்த்தது அதைத்தான்.

முதல் வருடம் பெரிய சொதப்பல். ஒன்டாரியோவில் முந்தைய அரசு, கடைகளை முழுக்க அரசே நடத்தும் என்று திட்டம் போட்டிருந்தது. 2018 ஜூனில் மாகாணத் தேர்தலில் டக் ஃபோர்டு ஜெயித்து வந்து, இல்லை, தனியார் கடை என்று மாற்றினார். விளைவு, அக்டோபர் 17 அன்று நாட்டிலேயே மக்கள்தொகை அதிகமுள்ள மாகாணத்தில் ஒரு கடைகூடக் கிடையாது. மாகாண அரசின் கஞ்சா விற்பனை அமைப்பான ஓசிஎஸ்ஸின் இணையதளம் ஒன்றுதான். முதல் நாளே ஒரு லட்சம் ஆர்டர் குவிந்தது, அடுத்த வாரமே தபால் ஊழியர்கள் சுழற்சி முறையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சரக்கும் போதவில்லை. பிறகு கடை உரிமத்துக்குக் குலுக்கல் வைத்தார்கள்: கிட்டத்தட்ட 17,000 விண்ணப்பம், 25 உரிமம். 2019 ஏப்ரல் 1 அன்று திறந்தது அந்த 25ல் பாதிகூட இல்லை. ஒன்றரைக் கோடிக்குப் பக்கம் ஜனம் உள்ள மாகாணத்துக்கு இது எந்த மூலைக்கு? அந்த நேரத்தில் டொராண்டோவில் உரிமமே இல்லாமல் கடை போட்டிருந்தவர்கள் சக்கைப்போடு போட்டார்கள். நகராட்சி பூட்டுப் போட்டது, பூட்டு உடைந்து கடை திறந்தது, 2019 ஜூலையில் வாசலை மறித்துப் பெரிய பெரிய கான்கிரீட் கட்டைகளை இறக்கி வைத்தார்கள், அப்போதும் நடைபாதையில் நின்றபடியே விற்பனை நடந்தது.

அன்றைய விலையைப் பாருங்கள். அரசின் புள்ளிவிவரத் துறையான ஸ்டாடிஸ்டிக்ஸ் கனடா மக்களிடமே கேட்டுத் திரட்டிய கணக்கின்படி 2019 கடைசியில் சட்டக்கடையில் ஒரு கிராம் சராசரி 10.30 டாலர், கள்ளச்சந்தையில் 5.73. பழகிய ஆள் ஏறக்குறைய பாதி விலைக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும்போது, ஜனங்கள் எதற்கு அரசின் கடைக்கு வருவார்கள்? அப்போது நிறைய பேர் எழுதினார்கள், திட்டம் தோற்றுவிட்டது என்று. அவசரப்பட்டார்கள் என்பது என் கருத்து. விலை இறங்கிய பிறகு எல்லாம் மாறியது.

விலை ஏன் இறங்கியது என்றால், அதிகமாக வளர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். பங்குச்சந்தைப் பணம் கண்ணை மறைத்த காலம் அது. ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பழைய ஹெர்ஷி சாக்லேட் தொழிற்சாலையை கேனபி குரோத் நிறுவனம் வாங்கிக் கஞ்சா ஆலையாக்கியது, மதுபான நிறுவனமான கான்ஸ்டலேஷன் அதில் 500 கோடி டாலர் போட்டது. 2023ல் அந்தக் கட்டிடத்தைத் திரும்ப ஹெர்ஷியே வாங்கிக்கொண்டது! அப்படிக் கண்ணாடிக்கூடம் கூடமாக விளைந்து குவிந்ததில் மொத்த விலை சரிந்தது. 2020ல் ஒன்டாரியோ குலுக்கலைக் கைவிட்டு, தகுதியுள்ள எவருக்கும் உரிமம் என்று திறந்துவிட்டது, 2023க்குள் கடைகள் 1,700ஐத் தாண்டின. இன்று 28 கிராம் பை ஒன்று 100 டாலரைச் சுற்றியே கிடைக்கிறது, அதற்குக் கீழும் உண்டு. முன்பு 280 டாலர் ஆகியிருக்கும். கள்ளச்சந்தையின் சாதாரண வாடிக்கையாளனை இழுத்தது போலீஸ் ரெய்டு இல்லை, இந்த 100 டாலர் பையும், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இரவு வரை திறந்திருக்கும் கடையும்தான். மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா வருடாவருடம் எடுக்கும் கணக்கெடுப்பில் இப்போது பத்தில் ஏழு பேருக்கு மேல் சட்டபூர்வமான இடத்தில்தான் வாங்குவதாகச் சொல்கிறார்கள்.

இந்த எண்ணை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். பத்தில் ஏழு பேர் என்பது தலைக்கணக்கு, எடைக்கணக்கு இல்லை. பயன்படுத்துகிறவர்களில் மிக அதிகமாக ஊதும் பத்து சதவீதம் பேர்தான் மொத்தச் சரக்கில் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை புகைப்பவர் கடைக்குப் போவார், அவருக்கு ஐந்து டாலர் கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. தினமும் நான்கைந்து கிராம் ஊதுபவருக்கு அந்த வித்தியாசம் மாத வாடகையில் ஒரு பங்கு. அப்படிப்பட்டவர்களில் நிறைய பேர் இன்னும் பழைய இடத்திலேயே வாங்குகிறார்கள் என்பது தொழிலில் உள்ள எல்லோருடைய எண்ணமும். தவிர, அரசுக் கணக்கெடுப்பில் வந்து "நான் திருட்டுச் சரக்குதான் வாங்குகிறேன்" என்று எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள்? சில நகரங்களில் சாக்கடைத் தண்ணீரில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அளவை வைத்து மொத்த நுகர்வைக் கணிக்கக்கூட முயன்றிருக்கிறார்கள். அதையும் துல்லியம் என்று யாரும் சொல்வதில்லை. பெரும்பகுதி சட்டத்துக்குள் வந்துவிட்டது என்பது உறுதி, எத்தனை சதவீதம் என்பது ஊகம்.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன், வரி. சட்டம் எழுதும்போது கடை விலை கிராமுக்கு 10 டாலர் இருக்கும் என்று நினைத்து, கலால் வரியை "கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அது" என்று வைத்தார்கள். அதில் 75 சதவீதம் மாகாணத்துக்கு, மீதி மத்திய அரசுக்கு. 10 டாலர் விலையில் 1 டாலர் பெரிதில்லை. விலை சரிந்தது, 1 டாலர் சரியவில்லை. மேலே சொன்ன 28 கிராம் பையையே எடுத்துக்கொள்வோம். கடையில் 100 டாலர் என்றால், கடைக்காரர் பங்கும் மொத்த வியாபாரியான ஓசிஎஸ் பங்கும் போக வளர்ப்பவருக்கு ஒரு 60 வருகிறது என்று வையுங்கள். அதில் 28 டாலர் கலால். ஒன்டாரியோவில் அதற்கு மேல் ஒரு சின்ன சரிக்கட்டல் வரி வேறு. மிஞ்சும் முப்பத்துச் சொச்சத்தில் மின்சாரம், ஆள்கூலி, ஆய்வகச் சோதனை, பை, வாடகை, கடன் வட்டி. வாங்குபவர் 100க்கு மேல் 13 சதவீத விற்பனை வரியையும் தனியாகக் கட்டுகிறார். திருட்டுத்தனமாக வளர்ப்பவனுக்கு இதில் எதுவுமே கிடையாது, ஆய்வகச் சோதனை உட்பட.

கலால் ஸ்டாம்ப் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்ட வேண்டும், பிரித்தால் கிழியும்படி. மாகாணத்துக்கு ஒரு நிறம். ஒன்டாரியோ ஸ்டாம்ப் ஒட்டிய டப்பாவை ஆல்பர்டாவில் விற்க முடியாது, இங்கே ஆர்டர் குறைந்து அங்கே கேட்கிறார்கள் என்றால் சரக்கைத் திருப்பி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு மெஷின் இருக்கிறது. நான் கணக்கு எழுதும் ஒரு சின்ன இடத்தில் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையால் ஒட்டுவார்கள், ஒட்டிய ஸ்டாம்ப், கிழிந்த ஸ்டாம்ப், மிச்ச ஸ்டாம்ப் மூன்றுக்கும் கணக்கு வைத்து வரித்துறைக்குக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், ஓசிஎஸ்ஸிடமிருந்து பணம் வருவதற்கு முன்பே வரி கட்டும் நாள் வந்துவிடும். சின்ன நிறுவனங்களுக்கு மாதாமாதம் வேண்டாம், காலாண்டுக்கு ஒருமுறை கட்டலாம் என்று 2022ல் தளர்த்தினார்கள், மூச்சு விட முடிந்தது. இருந்தும் தொழில் முழுக்க வரி பாக்கி கோடிக்கணக்கான டாலராக நிற்கிறது. தேர்தல் மேடையில் ஒழிப்பதாகச் சொன்ன கள்ளச்சந்தைக்கு இந்த ஒரு டாலர்தான் இன்று பெரிய ஆதரவு என்று நான் சொன்னால், என் வாடிக்கையாளருக்காகப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் மாரிஸ் ரோசன்பர்க் தலைமையில் அரசே நியமித்த குழுவும் 2024 மார்ச்சில் தந்த அறிக்கையில் கலால் முறையை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறது.

சரி, மிச்சமிருக்கும் கள்ளச்சந்தை எங்கே இருக்கிறது? தெருமுனைப் பையன் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது அது இணையதளம். பார்க்க அசல் கடை மாதிரியே இருக்கும், தள்ளுபடி, பாயின்ட், வாடிக்கையாளர் விமர்சனம் எல்லாம் உண்டு, வங்கிப் பரிமாற்றத்தில் பணம் போட்டால் தபாலில் வந்துவிடும். அதில் வாங்கும் பலருக்கு அது சட்டவிரோதம் என்றே தெரியாது. இன்னொன்று, சட்டம் விற்க விடாத பொருள். தின்பண்டத்தில் பொதிக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான் இருக்கலாம் என்று வரம்பு. கள்ளத்தளத்தில் 500, 1,000 மில்லிகிராம் மிட்டாய் கிடைக்கும், குழந்தைகள் தின்னும் பிராண்டைக் காப்பியடித்த உறையில். தொழில்காரர்கள் இந்த வரம்பை ஏற்றச் சொல்லிக் கத்துகிறார்கள். ஏற்றினால் கள்ளச்சந்தை இன்னும் சுருங்கும் என்பது வியாபாரக் கணக்கில் சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை. தின்பண்டம் கடைக்கு வந்த பிறகு பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் அதைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வருவது ஒன்டாரியோவில் பல மடங்கு கூடியது, மிட்டாய் வகையை அனுமதிக்காத க்யூபெக்கில் அந்த ஏற்றம் குறைவு. இந்த ஆய்வுகள் தெளிவாகவே இருக்கின்றன. பதின்ம வயதினர் புகைப்பது அனுமதிக்குப் பிறகு கூடியதா என்பதில்தான் படம் மங்கல். பெரிதாகக் கூடவில்லை என்று பெரும்பாலான கணக்கெடுப்புகள் சொல்கின்றன, பெரியவர்களிடம் கூடியிருக்கிறது.

மருத்துவ உரிமம் என்ற ஓட்டை தனி. நோயாளி தனக்குத்தானே வளர்க்கலாம், எத்தனை செடி என்பது மருத்துவர் எழுதும் தினசரி கிராமைப் பொறுத்தது. வீட்டுக்குள் வளர்த்தால் கிராமுக்கு ஏறத்தாழ ஐந்து செடி. தினம் 100 கிராம் என்று எழுதித்தரும் டாக்டர் கிடைத்தால் ஐந்நூறு செடிக்குப் பக்கம் வரும், ஒரே இடத்தில் நான்கு உரிமம் வரை சேர்க்கலாம், ஆக ஒரு கொட்டகையில் இரண்டாயிரம் செடி, எல்லாம் காகிதப்படி நோயாளிகளுக்கு. உண்மையான நோயாளிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தினம் 100 கிராமை ஒரு மனிதன் என்ன செய்வான்? போலீஸ் பிடித்த பெரிய வழக்குகளில் இந்த உரிமக் காகிதம் அடிக்கடி வெளிவருகிறது. இது போக, டைண்டினாகா போன்ற பழங்குடி நிலங்களில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன, மாகாண உரிமம் கிடையாது. எங்கள் மண், எங்கள் அதிகாரம் என்பது அவர்கள் வாதம். வரலாற்றைப் பார்த்தால் அதை வெறும் கள்ளக்கடை என்று ஒதுக்கிவிட முடியாது, அரசும் அங்கே கை வைக்கத் தயங்குகிறது.

திருட்டு ஏற்றுமதியை எந்த விலைக்குறைப்பும் தொடமுடியாது. பிரிட்டன் விமான நிலையங்களில் சூட்கேஸ் சூட்கேஸாகப் பிடிபடும் கஞ்சா பெரும்பாலும் தாய்லாந்து, கனடா, அமெரிக்காவிலிருந்து வருவதாக அங்குள்ள குற்றத்தடுப்பு அமைப்பு சொல்கிறது. மூன்றுமே ஏதோ ஒரு விதத்தில் தளர்த்திய நாடுகள். ஒரு நாட்டில் அனுமதித்து, பக்கத்து நாட்டில் தடை இருந்தால் அந்த விலை வித்தியாசமே வியாபாரம்.

சட்டக்கடைச் சரக்கு சுத்தம், திருட்டுச் சரக்கு விஷம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். பாதி சரி. 2016, 17ல் உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சா நிறுவனங்களின் சரக்கிலேயே மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி கண்டுபிடிக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது, சூடாக்கினால் சயனைடு வாயு தரக்கூடிய பொருள். அதற்குப் பிறகுதான் 2019 ஜனவரியிலிருந்து பூச்சிமருந்துச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். உரிமம் தானாகச் சுத்தத்தைத் தராது. ஆனால் தவறு நடந்தால் எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று தேடிப் பிடித்துத் திரும்ப எடுக்க முடியும். கள்ளத்தளத்தில் வாங்கியதை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்?

கனடா தோற்றது என்று சொல்கிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவைக் காட்டுவேன். 2016ல் மக்கள் வாக்களித்து, 2018 ஜனவரி 1ல் விற்பனை தொடங்கியது. 15 சதவீத கலால், விற்பனை வரி, ஊருக்கு ஊர் உள்ளூர் வரி, அதற்கு மேல் விளைச்சலுக்கு எடைவரி (அதை 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்). பாதிக்கு மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் மாதிரி) எங்கள் ஊரில் கடை வேண்டாம் என்றுவிட்டன. அங்கே கள்ளச்சந்தை சட்டச்சந்தையைவிடப் பெரிதாகவே இருக்கிறது. எங்கள் பக்கமும் மார்க்கம் நகராட்சி கடை வேண்டாம் என்றது. நிறைய தமிழர்கள் இருக்கும் ஊர், பலருக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஆனால் ஸ்டீல்ஸ் சாலையைத் தாண்டினால் டொராண்டோவின் ஸ்கார்பரோ, அங்கே கடை இருக்கிறது. அதனால் மார்க்கத்தின் தடை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கெடுக்கவும் இல்லை. சாலையைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்குக் கடையே இல்லாவிட்டால் கதை வேறாக இருந்திருக்கும்.

போலீஸ் வேலை மிச்சமா என்று கேட்டீர்கள். வைத்திருந்ததற்காகப் பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. 2017ல் கஞ்சா வழக்குகள் 48,000 அளவில் இருந்தன, பத்தில் எட்டு வெறுமனே வைத்திருந்ததற்காக. அது பெரிய விஷயம், எனக்கு இந்தச் சட்டத்திலேயே பிடித்த பலன் அதுதான். ஆனால் பழைய தண்டனைப் பதிவை இலவசமாக நீக்கித் தருகிறோம் என்று 2019ல் கொண்டுவந்த ஏற்பாட்டைச் சில நூறு பேர்தான் பயன்படுத்தினார்கள், படிவமும் சான்றுகளும் அவ்வளவு தொல்லை.

நம் ஊருக்கு வருவோம். டாஸ்மாக் உதாரணம் நீங்கள் நினைக்கும் திசையில் போகவில்லை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசு கையில், தெருவுக்குத் தெரு கடை. இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேல் செத்தார்கள். கடை இல்லாமலா? கடையில் குவார்ட்டர் வாங்கும் காசு இல்லாதவனுக்குப் பாக்கெட் சாராயம் இருந்தது. இங்கே கிராமுக்கு ஒரு டாலர் செய்கிற வேலையை அங்கே குவார்ட்டர் மீதான வரி செய்கிறது. அப்புறம், கஞ்சாவைத் தமிழ்நாடு தனியாக அனுமதிக்கவும் முடியாது. 1985ஆம் வருட என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டம் மத்தியச் சட்டம். ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அதற்குப் பத்து முதல் இருபது வருடம் சிறை. மொட்டு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது, வடக்கே கஞ்சா இலையில் செய்யும் பாங் விற்கும் கடை நடப்பது அதனால்தான். ஒருவேளை டெல்லி மனது வைத்தாலும், ஆந்திர-ஒடிசா மலையிலிருந்து வந்து ராமேஸ்வரம் பக்கம் படகேறி இலங்கைக்குப் போகும் மூட்டை நிற்காது. அங்கே தடை இருக்கும் வரை அது ஏற்றுமதிக் கணக்கு.

தம்பிக்கு: ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருந்தால் கடைக்குள் போகலாம், அடையாள அட்டை கேட்பார்கள். உரிமம் உள்ள கடையின் வாசலில் மாகாணத்தின் அங்கீகார முத்திரை ஒட்டியிருக்கும், ஒவ்வொரு டப்பாவிலும் நான் சொன்ன கலால் ஸ்டாம்ப் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அது கள்ளச்சரக்கு. நண்பனுக்கு வாங்கிக்கொடுத்துக் காசு வாங்குவது இங்கே விற்பனைக் குற்றம், அதிகபட்சம் 14 வருடம். தீர்ப்பில் வெறும் அபராதமே விழுந்தாலும், குடியுரிமை இல்லாதவருக்கு அந்த 14 என்ற எண்தான் குடிவரவு அலுவலகத்தில் பேசும், விசாவும் பிஆர் என்ற நிரந்தர வசிப்புரிமையும் போகலாம். போதையில் வண்டி ஓட்டினாலும் 2018 டிசம்பருக்குப் பிறகு அதே கதிதான். அமெரிக்க எல்லையில் அதிகாரி கேட்டு, புகைத்ததுண்டு என்று சொன்னால் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு மிட்டாய்கூட வேண்டாம், கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதே குற்றம், சென்னையில் இறங்கினால் என்டிபிஎஸ் காத்திருக்கும்.